மதுரைச் சமவெளியில் பருவமும் மருந்தும்: சித்த மருத்துவப் பருவப் பகுப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சித்த மருத்துவம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பொழுதிலும் வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்கள் அடையும் மாற்றத்தை வரையறுக்கிறது. இவ்வரையறை வடமொழி மருத்துவ நூல்களின் பருவப் பகுப்போடு மாதப் பெயரளவில் ஒத்துச் செல்கிறது. ஆனால் மதுரைச் சமவெளியின் மழையும் வெயிலும் அப்பகுப்போடு முழுமையாகப் பொருந்துவதில்லை. குறிப்பாகக் கூதிர், இளவேனில் ஆகிய இரு பொழுதுகளில் நூல் கூறும் வானிலைக்கும் நிலத்தில் நிலவும் வானிலைக்கும் இடைவெளி உள்ளது. சங்க இலக்கியச் சான்று, வீட்டு மருந்து வழக்கு, 1809–1811 காலக் காய்ச்சல் பற்றிய அரசு விசாரணை, 2006 முதல் 2020 வரையிலான குடிநீர் வழங்கல் ஆகியவற்றைக் கொண்டு இவ்விடைவெளியைத் தமிழ் மருத்துவ வழக்கு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சித்த மருத்துவம், பெரும்பொழுது, முக்குற்றம், கூதிர், மதுரை, நிலவேம்புக் குடிநீர், பிணி அணுகா விதி.

1. முன்னுரை

மதுரை நகரின் அமைப்பே ஒரு நாட்காட்டியாக விளங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனத் தெருக்கள் மாதப் பெயர்களைத் தாங்கி அடுக்கடுக்காக அமைந்துள்ளன. திருவிழாவும் மாதமும் தெருவும் இவ்வாறு பிணைந்த ஊரில், மருந்தும் மாதத்தோடு பிணைந்திருப்பது இயல்பே. சித்திரையில் வேப்பம்பூப் பச்சடியும் நீர்மோரும், ஐப்பசியில் தீபாவளி லேகியமும், தைப் பிறப்பை ஒட்டி வீட்டு வாயிலில் கட்டப்படும் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளைக் காப்பும் இப்பிணைப்பின் எளிய சான்றுகள்.

சித்த மருத்துவத்தின் பருவக் கோட்பாட்டை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களில் உள்ள அட்டவணையை எடுத்துரைத்து அமைகின்றனர். அவ்வட்டவணை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் வானிலையோடு எவ்வளவு பொருந்துகிறது என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவை மதுரைச் சமவெளியை முன்வைத்து எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம். மருந்துகளின் நோய் தீர்க்கும் ஆற்றலை மதிப்பிடுவது இதன் எல்லைக்குள் அடங்காது. எந்தக் காலத்தில் எந்த மருந்து, எந்தக் காரணம் பற்றி வழங்கப்பட்டது என்பதே இங்கு ஆய்வுப் பொருளாகும்.

2. பெரும்பொழுதும் முக்குற்றமும்

தொல்காப்பியம் பெரும்பொழுதுகளைத் திணைகளுக்கு உரியனவாக வகுக்கிறது. அவற்றுக்கு உரிய மாதங்களை உரையாசிரியர்கள் தெளிவுபடுத்தினர். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில் என்பது அவ்வரிசை. சித்த மருத்துவ நூல்களும் இவ்வரிசையையே மேற்கொள்கின்றன.

குற்றங்களின் மாற்றம் மூன்று நிலைகளில் விளக்கப்படுகிறது. ஒரு குற்றம் தன் இடத்திலேயே பெருகுவது தன்னிலை வளர்ச்சி. தன் இடத்தை விட்டுப் பரவி நோய் செய்வது வேற்றுநிலை வளர்ச்சி. தணிந்து இயல்புக்குத் திரும்புவது தன்னிலை அடைதல். வளி முதுவேனிலில் பெருகி, காரில் வேற்றுநிலை அடைந்து, கூதிரில் தணிகிறது. அழல் காரில் பெருகி, கூதிரில் வேற்றுநிலை அடைந்து, முன்பனியில் தணிகிறது. ஐயம் பின்பனியில் பெருகி, இளவேனிலில் வேற்றுநிலை அடைந்து, முதுவேனிலில் தணிகிறது. சுவைக் கோட்பாடு இதனோடு இணைகிறது. அழலைத் தணிப்பன இனிப்பு, கைப்பு, துவர்ப்பு. ஐயத்தைத் தணிப்பன கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. வளியைத் தணிப்பன இனிப்பு, புளிப்பு, உப்பு. ஆகவே பருவம் குற்றத்தையும், குற்றம் சுவையையும், சுவை மூலிகையையும் சுட்டுகின்றன.

வாகடரின் அட்டாங்க இருதயம் முதலான வடமொழி நூல்களிலும் இதே மூவகை மாற்றம் காணப்படுகிறது. அந்நூல்களில் சிராவணம், பாத்ரபதம் ஆகிய மாதங்கள் மழைப்பருவம். அவற்றை அடுத்த இரண்டும் சரத் பருவம். தமிழ் மாதப் பெயர்களான ஆவணி, புரட்டாசி ஆகியவை சிராவணம், பாத்ரபதம் என்பவற்றுக்கு நேரானவை. எனவே பெயரளவில் கார் என்பது வடமொழி மழைப்பருவத்துக்கும், கூதிர் என்பது சரத்துக்கும் இணையாகின்றன. சிக்கல் இவ்விணைப்பிலிருந்தே தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அட்டவணை பாடநூல் வடிவில் உறுதிப்பட்டது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு 1923-இல் அறிக்கை அளித்தது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கோ. துரைராசனின் ‘நோயில்லா நெறி’, க. சு. உத்தமராயனின் ‘சித்த மருத்துவாங்கச் சுருக்கம்’ போன்ற நூல்கள் மாணவர் பயிலும் நூல்களாயின. குருவழிக் கல்வியில் ஊருக்கு ஊர் தளர்ந்தும் நெகிழ்ந்தும் வழங்கியிருக்கக் கூடிய ஒரு கோட்பாடு, தேர்வுக்கு எழுதத்தக்க கட்டங்களாக வடிவு பெற்றது.

3. மதுரைச் சமவெளியின் காலநிலை

மதுரை ஏறத்தாழப் பத்தாம் வட அட்சரேகையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. நாகமலை, யானைமலை, அழகர்மலை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட இச்சமவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையைப் பெறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே பெருமழையைப் பொழிந்துவிட்டு, இங்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் மாலை நேர இடிமழை உண்டு. எனினும் கண்மாய்களை நிரப்பும் தொடர்மழை வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. வெயிலின் உச்சம் சித்திரை, வைகாசி மாதங்களில் அமைகிறது. ‘கத்திரி’ எனப்படும் அக்கினி நட்சத்திர நாள்கள் சித்திரைப் பிற்பகுதியில் தொடங்கி வைகாசியில் முடிகின்றன. ஆனி, ஆடியில் வெயில் சற்றுத் தணிந்தாலும் வறண்ட மேல்காற்று வலுக்கிறது.

இவ்வுண்மைகளை அட்டவணையோடு ஒப்பிட்டால் மூன்று நிலைகள் புலப்படுகின்றன. முதுவேனிலில் வளி பெருகும் என்னும் கூற்று ஆடிக்காற்றின் வறட்சியோடு நன்கு பொருந்துகிறது. கார் ஓரளவு பொருந்துகிறது. கூதிரும் இளவேனிலும் பொருந்தவில்லை. நூலின்படி கூதிர் அழல் மிகும் காலம். மதுரையிலோ அது மழையும் குளிர்காற்றும் மிகும் காலம். நூலின்படி இளவேனில் ஐயம் மிகும் காலம்; மதுரையிலோ அது கடும் வெயில் காலம்.

4. கூதிர்: சந்தனம் சொல்லும் சான்று

சரத் பருவத்தில் அழல் ஏன் மிகுகிறது என்பதற்கு அட்டாங்க இருதயம் தெளிவான காரணம் கூறுகிறது. மழையின் குளிர்ச்சிக்குப் பழகிய உடல், மழை நின்று வானம் தெளிந்ததும் வெயிலால் திடீரெனச் சூடேறுகிறது. அதனால் கைப்பு மருந்து சேர்ந்த நெய், பேதி, குருதி நீக்கம் ஆகியவை விதிக்கப்படுகின்றன. சந்தனம், வெட்டிவேர், கற்பூரம் பூசுவதும் பரிந்துரைக்கப்படுகிறது. வட இந்திய வானிலைக்கு இவ்விளக்கம் முற்றிலும் பொருத்தமானது. அங்கு அம்மாதங்களில் தென்மேற்குப் பருவமழை விலகி வானம் வெளுக்கிறது.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய நெடுநல்வாடை அதே கூதிரை வேறு விதமாகக் காட்டுகிறது. மழை ஓயாத நகரம், வாடைக்காற்று, நெருப்பை அணையும் மக்கள், பயன்படாது தொங்கும் விசிறி என்பன அதன் காட்சிகள். மருத்துவ நோக்கில் முதன்மையான குறிப்பு ஒன்றும் அதில் உள்ளது. சந்தனம் அரைப்பதற்கென வடபுலத்தார் கொண்டுவந்த கல்லும், தென்புலத்துச் சந்தனமும் அக்காலத்தில் வேண்டாதவையாக ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒரே பொழுதில் வடமொழி நூல் பூசச் சொல்லும் சந்தனத்தைத் தமிழ்ப் பாட்டு ஒதுக்கி வைக்கிறது. இலக்கியப் புனைவை வானிலைப் பதிவாகக் கொள்ளலாகாது என்னும் மறுப்பு இங்கு எழலாம். எனினும் கூதிர் என்றால் குளிர் என்பது பாடுவோரும் கேட்போரும் பகிர்ந்துகொண்ட பொது அறிவாக இருந்தது என்பதை இக்காட்சி உறுதிப்படுத்துகிறது.

வீட்டு மருந்து வழக்கும் பாட்டின் பக்கமே நிற்கிறது. ஐப்பசியில் உண்ணப்படும் தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை போன்ற கார்ப்புச் சரக்குகள் மிகுதியாக உள்ளன. அழல் வேற்றுநிலை அடையும் பொழுதில் கார்ப்பைத் தருவது அட்டவணைக்கு நேர் முரண். பண்டிகைப் பலகாரங்களின் எண்ணெய்ப் பசையைச் செரிக்க வைப்பதே இதன் நோக்கம் என்றும் விளக்கலாம், அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆயினும் மழைக்காலத்தில் செரிமானத் தீ மந்தமாகும் என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. வடமொழி நூல்கள் அம்மந்தத்தை முந்திய மழைப்பருவத்துக்கு உரியதாகக் கூறுகின்றன. அதாவது, மதுரை வீட்டுச் சமையலறை மாதப் பெயரைப் பின்பற்றாமல் மழையைப் பின்பற்றியுள்ளது. லேகியத்தில் வெல்லமும் நெய்யும் சேர்வது கவனிக்கத்தக்கது. கார்ப்பு எழுப்பும் சூட்டை இவ்விரண்டும் தணிக்கின்றன.

5. இளவேனில்: வெயிலுக்கு முன் வந்த பெயர்

இளவேனிலுக்கு இணையான வசந்த பருவத்தில், பனிக்காலத்தில் உறைந்த ஐயம் வெயிலால் உருகிப் பரவுகிறது என்பது வடமொழி நூல்களின் விளக்கம். எனவே வாந்தி மருந்து, உலர்ந்த எளிய உணவு, இஞ்சி இட்டுக் காய்ச்சிய நீர் ஆகியவை விதிக்கப்படுகின்றன. கடும் பனிக்காலம் உடைய நிலத்துக்கு இது ஏற்றது. மதுரையில் பனிக்காலம் மென்மையானது. சித்திரையிலோ வெயில் ஏற்கெனவே உச்சத்தை நெருங்கிவிடுகிறது.

சித்திரை முழுநிலவை ஒட்டி அழகர் வைகையில் இறங்கும் நாளில் நகரெங்கும் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. நன்னாரி சர்பத்தும், அது சேர்ந்த மதுரையின் பெயர்பெற்ற ஜிகர்தண்டாவும், வெட்டிவேர் இட்ட பானைத் தண்ணீரும் இக்காலத்துக்கு உரியவை. இவை அனைத்தும் குளிர்ச்சியை நோக்கியவை. ஐயம் மிகுந்த காலத்துக்கு நூல் விதிக்கும் உலர்ந்த, சூடான முறைக்கு மாறானவை. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பானகத்தில் வெல்லத்தோடும் எலுமிச்சை அல்லது புளியோடும் சுக்கும் ஏலமும் சேர்கின்றன. நீர்மோரில் இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்கின்றன. வெயிலுக்குக் குளிர்ச்சியும் ஐயத்துக்குக் கார்ப்பும் ஒரே குவளையில் அமைகின்றன. அட்டவணை முற்றிலும் கைவிடப்படவில்லை. நிலத்தின் வெயிலோடு இணக்கம் செய்யப்பட்டுள்ளது.

சித்திரைப் பிறப்பன்று செய்யப்படும் வேப்பம்பூப் பச்சடி இதனை மேலும் தெளிவாக்குகிறது. கைப்பு, அழலையும் ஐயத்தையும் ஒருங்கே தணிக்கும் சுவை. நூல் ஐயத்தைச் சுட்ட, நிலம் அழலைச் சுட்ட, இரண்டுக்கும் பொதுவான சுவையைத் தரும் பூ அந்த மாதத்திலேயே மரத்தில் நிறைந்திருக்கிறது. மூலிகை கிடைக்கும் காலமும் மருந்து வேண்டும் காலமும் இங்கு ஒன்றாகின்றன.

6. நாள் கணக்கும் பருவக் கணக்கும்

வடமொழி மரபில் உடலைத் தூய்மை செய்யும் முறைகள் பருவத்தோடு கட்டப்பட்டுள்ளன: வசந்தத்தில் வாந்தி, மழைப்பருவத்தில் பீச்சு, சரத்தில் பேதி. தேரையர் பெயரில் வழங்கும் பிணி அணுகா விதி இவற்றுள் வாந்தியையும் பேதியையும் வேறு அளவுகோலில் வைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்பது அதன் போக்கு. இங்குப் பருவப் பெயர் இல்லை; இடைவெளியே அளவு.

இவ்வேறுபாட்டுக்கு வானிலை மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவதற்கில்லை. மனப்பாடத்துக்கு எளிமை, இல்லறத்தார் கடைப்பிடிக்கும் வசதி ஆகியவையும் காரணங்களாக இருக்கலாம். எனினும் அதன் விளைவு கருதத்தக்கது. மழை ஓராண்டு புரட்டாசியிலும் மறு ஆண்டு கார்த்திகையிலும் வலுக்கும் ஒரு நிலத்தில், பருவத்தைப் பெயரிட்டு விதிக்கும் முறை ஆண்டுதோறும் பிழைபடக்கூடும். நாள் எண்ணும் முறை அவ்வாறு பிழைபடாது. அப்பொழுதுக்கு ஏற்ற மருந்தைத் தேர்வது நாடி முதலான எண்வகைத் தேர்வின் வழி மருத்துவரின் பொறுப்பாகிறது. திணைப் பகுப்பும் இதற்குத் துணை நிற்கிறது. குறிஞ்சி சுரத்துக்கு இடமான நிலம், மருதம் நோய் தணிக்கும் நிலம், பாலை முக்குற்ற நோய்களுக்கும் இடமான நிலம் என்று சித்த நூல்கள் வகுக்கின்றன. வைகைக் கரையின் மருதமும் மலையடிவாரத்தின் குறிஞ்சியும் அடுத்தடுத்து அமைந்த மதுரை வட்டாரத்தில், நோயாளியின் ஊரும் மருந்துத் தேர்வில் ஓர் அளவுகோலாகக் கொள்ளத்தக்கதே.

7. 1809–1811: காய்ச்சலும் பருவம் பற்றிய விசாரணையும்

பருவமும் நோயும் பற்றிய வினா இச்சமவெளியில் அரசின் விசாரணைக்கும் உள்ளானது. 1809, 1810, 1811 ஆகிய ஆண்டுகளில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணங்களை ஆராயச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லியும், ஸ்மித், கிறிஸ்டி ஆகியோரும் இடம்பெற்றனர். அறிக்கை 1816-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. ‘மருத்துவ, புவியியல், வேளாண்மை அறிக்கை’ என்றே அதன் தலைப்பு தொடங்குகிறது. காய்ச்சலைப் புரிந்துகொள்ள நிலத்தையும் நீரையும் பயிரையும் சேர்த்து நோக்க வேண்டும் என்னும் கருத்தை அத்தலைப்பே உணர்த்துகிறது.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897-இல் நிறுவும் வரை, தேங்கிய நீரிலும் ஈர நிலத்திலும் எழும் தீய ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்னும் கருத்து ஐரோப்பிய மருத்துவத்தில் மேலோங்கியிருந்தது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் 1820-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. எனவே 1811-இல் கம்பெனி மருத்துவரும் ஊர் வைத்தியரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கைப்புச் சரக்குகளையே நம்பினர். முன்னவருக்குச் சிங்கோனாப் பட்டை. பின்னவருக்கு நிலவேம்பும் சீந்திலும் பற்படாகமும். இருவரும் பருவத்தையும் நிலத்தையும் நோய்க் காரணமாகக் கருதினர். ஐன்ஸ்லி 1813-இல் சென்னையில் வெளியிட்ட இந்திய மருந்துப்பொருள் நூலும், அதனை விரித்து 1826-இல் இலண்டனில் வெளியிட்ட நூலும் மருந்துச் சரக்குகளின் தமிழ்ப் பெயர்களைப் பதிவு செய்கின்றன. இப்பகுதியின் காய்ச்சலை ஆராய்ந்தவரே இப்பகுதியின் சரக்குகளையும் தொகுத்தார் என்பது மருத்துவ வரலாற்றில் குறிக்கத்தக்க இணைவு.

பின்னர் நீரின் பருவமே மாறியது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, மலைக்கு மேற்கே தென்மேற்குப் பருவக்காற்று பொழிந்த நீர் சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு வைகை வழியாக மதுரை, மேலூர் வயல்களை அடைந்தது. உள்ளூரில் பெருமழை இல்லாத மாதங்களிலும் வயலில் நீர் நின்றது. வடமொழி நூல் கூறும் மழைப்பருவம், மழையாக வராமல் வாய்க்கால் நீராக மதுரைக்கு வந்தது எனலாம். பருவம் என்பது வானத்தால் மட்டும் அமைவதன்று, நீர்ப்பாசனத்தாலும் அமைவது என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

8. குடிநீர் வழங்கலும் பருவ நோக்கும்: 2006–2020

2006-இல் சிக்குன்குனியா பரவியபோது நிலவேம்புக் குடிநீர் தமிழகத்தில் பரவலாகப் பயன்பட்டது. 2012-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச்சாறு, மலைவேம்புச் சாறு ஆகியவற்றையும் அரசே மருத்துவமனைகள் வழி வழங்க முன்வந்தது. டெங்கு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அதாவது கூதிரில் தொடங்கி மிகுகிறது. ஆயினும் 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் அது கோடையிலேயே தலைகாட்டியது. நோயைப் பரப்பும் கொசு வீடுகளில் சேமித்த நல்ல நீரிலும் பெருகுவதால், மழையைப் போலவே தண்ணீர்த் தட்டுப்பாடும் காய்ச்சலுக்கு வழி செய்கிறது.

நிலவேம்புக் குடிநீரின் அமைப்பு இக்கட்டுரையின் வினாவுக்கு நேரடி விடையாக அமைகிறது. இந்திய சித்த மருந்துத் தொகுப்பில் இடம்பெற்ற இக்குடிநீரில் ஒன்பது சரக்குகள் உள்ளன. நிலவேம்பு, பேய்ப்புடல், பற்படாகம் ஆகியவை கைப்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம் ஆகியவை குளிர்ச்சி, சுக்கு, மிளகு ஆகியவை கார்ப்பும் சூடும், கோரைக்கிழங்கு துவர்ப்பு. நூல் கூறும் கூதிரின் அழலுக்குக் கைப்பும் சந்தனமும் வெட்டிவேரும் உள்ளன. நிலம் காட்டும் கூதிரின் குளிருக்குச் சுக்கும் மிளகும் உள்ளன. நெடுநல்வாடையில் ஒதுக்கப்பட்ட சந்தனம், சுக்கோடும் மிளகோடும் சேர்ந்து அதே பொழுதின் குடிநீருக்குள் திரும்பி வருகிறது. பானகத்திலும் லேகியத்திலும் கண்ட கலப்பு முறையே இங்கும் செயற்படுகிறது. பருவம் ஐயத்துக்கு இடமாகும்போது மருந்து ஒரு பக்கம் சாய்வதில்லை.

2020-இல் கொரோனாத் தொற்றின்போது ஆயுஷ் அமைச்சகத்தின் சித்த மருத்துவ வழிகாட்டுதல்களில் நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் இடம்பெற்றன. தமிழக அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தின் வழி கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. பதினைந்து சரக்குகள் கொண்ட இக்குடிநீரில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம் போன்ற சூடான சரக்குகள் முதன்மை பெறுகின்றன. நிலவேம்பு, சீந்தில், ஆடாதோடை ஆகிய கைப்புச் சரக்குகளும் உடன் உள்ளன. தொற்று தொடங்கிய பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் அட்டவணைப்படி ஐயத்துக்கு உரியவை. எனவே கபசுரக் குடிநீர் பருவத்தோடு பொருந்தியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் தேர்வுக்கு அடிப்படை நோய்க்குறிகளின் ஒப்புமையே. பருவம் மாறிய பின்னும் அதே குடிநீர் தொடர்ந்து வழங்கப்பட்டமை இதனைத் தெளிவாக்கும்.

இங்கு ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. மரபு வழக்கில் குடிநீரின் கலப்பு ஒரு காப்பு; அதற்கு மேல் நாடி, வயது, நிலம், பொழுது பார்த்து அளவும் துணைமருந்தும் மாற்றுவது மருத்துவரின் செயல். பொது வழங்கலில் கலப்பு எஞ்சியது, தேர்வு நீங்கியது. வெயில் உச்சத்தில் இருக்கும் மதுரைச் சித்திரையில், சூடான சரக்குகள் மிக்க குடிநீரை உடல்வாகு பாராது அனைவருக்கும் ஒரே அளவில் வழங்குவது, சித்த மருத்துவத்தின் சொந்தக் கோட்பாட்டின்படியே வினாவுக்குரியது. கொள்ளை நோய்க் காலத்தில் விரைவு தேவை என்பது உண்மை. எனினும் அவ்விரைவு ஒரு மருத்துவ முறையின் அடிப்படையான தேர்வு நெறியை விலக்கிவிட்டே நிகழ்ந்தது என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியது.

9. சீன மருத்துவத்தோடு ஓர் ஒப்பீடு

வடநிலத்து நூல் தென்னிலத்து வானிலையைச் சந்திக்கும் சிக்கல் சீனத்திலும் எழுந்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாங் சொங்சிங் இயற்றிய ‘ஷாங்ஹான் லுன்’ குளிரால் விளையும் காய்ச்சலை முன்னிறுத்தி, உடலைச் சூடேற்றி வியர்வை வரவழைக்கும் மருந்துகளை விதித்தது. யாங்சி ஆற்றுக்குத் தெற்கே வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளின் மருத்துவர்கள் அதன் போதாமையை உணர்ந்தனர். ஊ யூசிங் 1642-இல் கொள்ளைக் காய்ச்சலுக்குக் குளிர் காரணமன்று என்று வாதிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் சுசோ நகரின் யே தியன்ஷியும், 1798-இல் ‘வென்பிங் தியாவோபியன்’ நூலை முடித்த ஊ ஜுதோங்கும் வெப்பக் காய்ச்சலுக்கென ஒரு தனி மரபையே வகுத்தனர். குளிர்ச்சி தரும் பூக்களும் கனிகளும் சேர்ந்த மருந்துகள் அம்மரபில் முதன்மை பெற்றன.

சீனத்தில் இச்சிக்கல் வெளிப்படையான நூல் விவாதமாக மலர்ந்தது; பழைய நூலை மறுக்கும் புதிய நூல் தோன்றியது. தமிழகத்தில் அத்தகைய மறுப்பு நூல் ஒன்றும் மரபில் முதன்மை பெறவில்லை. அட்டவணை மதிக்கப்பட்டு அப்படியே நிற்க, மருந்தின் கலப்பும் நாள் கணக்கும் திணை நோக்கும் வீட்டு வழக்கும் அதனை அமைதியாகத் திருத்தின. விவாதம் இல்லாமையால் சிக்கலும் இல்லை என்று கொள்வது பிழை. திருத்தம் நூலில் நிகழாமல் வழக்கில் நிகழ்ந்துள்ளது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. சித்த மருத்துவப் பருவ அட்டவணை மாதப் பெயரளவில் வடமொழி மரபோடு இணைகிறது. மதுரைச் சமவெளியில் கூதிரும் இளவேனிலும் அதனோடு இணங்கவில்லை. இவ்விணக்கமின்மையை நெடுநல்வாடை போன்ற இலக்கியச் சான்றும், தீபாவளி லேகியம், பானகம், நீர்மோர் போன்ற வழக்குகளும் உறுதிப்படுத்துகின்றன. தமிழ் மருத்துவ வழக்கு இதனைச் சூடும் குளிர்ச்சியும் கலந்த கூட்டு மருந்தாலும், பருவப் பெயர் சாராத நாள் கணக்காலும், உடலையும் நிலத்தையும் நோக்கும் தேர்வாலும் எதிர்கொண்டது. அண்மைக் காலப் பொது வழங்கல் இவற்றுள் முதலாவதை மட்டும் ஏற்று, கடைசியானதைக் கைவிட்டது.

ஆகவே பருவ அட்டவணையைக் கற்பிக்கும்போது, அது எந்த நிலத்து வானிலையிலிருந்து பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அதற்குத் தேவையான சான்றுகள் மருத்துவச் சுவடிகளில் மட்டுமன்றிச் சங்கப் பாடல்களிலும், திருவிழாப் பந்தல்களிலும், மாசி வீதிகளைச் சூழ்ந்த நாட்டு மருந்துக் கடைகளிலும் விரவிக் கிடக்கின்றன. மழை தன் மாதத்தை மாற்றிக்கொண்டு வரும் இக்காலத்தில், மாதப் பெயரை நோக்காமல் மழையை நோக்கி மருந்து தேர்ந்த பழைய வழக்கு மருத்துவக் கல்விக்குள் மீண்டும் இடம்பெறத்தக்கது.